மாறலாம் என்று எழுதியிருந்த பக்கம்

குணாளன் இணையத்தில் எழுதிய பதிலுக்கு நாற்பத்து மூன்று பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். புதன்கிழமை மத்தியானம் தயாளன் வந்து எதிரே உட்காரும்வரை அந்த எண் அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அந்தப் பதில் புரிய வேண்டுமென்றால் 'கிடங்கு' என்ன என்று முதலில் சொல்லியாக வேண்டும். துறைமுகக் கிடங்கு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்பது உள்ளே இருக்கும் பொறுப்பாளருக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து வருகிறவர் நேராக உள்ளே புகுந்து பெட்டியைத் தூக்கிவிட முடியாது. முகப்பில் இருக்கும் சன்னலுக்குப் போய், இன்னது வேண்டும் என்று கேட்க வேண்டும். கணினியின் வட்டும் அப்படித்தான். கோப்புகள் எங்கே கிடக்கின்றன என்பதைப் பார்த்துக்கொள்ள உள்ளே ஓர் அமைப்பு இருக்கிறது. மற்ற நிரல்கள் அதனிடம் சன்னல் வழியாகத்தான் பேச வேண்டும். அந்தச் சன்னல்களைக் கட்டிக் கொடுப்பதுதான் குணாளனின் 'கிடங்கு'. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சோதனை இயந்திரங்களுக்கு நிரல் எழுதுவது அவன் வேலை. சனி ஞாயிறுகளில் எட்டு வருடமாக இதை எழுதிவந்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், காசு கிடையாது.

சன்னல்களை அவன் இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்திருந்தான். ஒன்று நிலையான பக்கம். அங்கே இருக்கும் செயல்கள் இன்று எப்படிக் கேட்டால் என்ன கொடுக்கின்றனவோ, பத்து வருடம் கழித்தும் அப்படிக் கேட்டால் அதையே கொடுக்கும். இன்னொன்று மாறக்கூடிய பக்கம். அங்கே இருப்பவை இன்னும் யோசனையில் இருப்பவை. பயன்படுத்திப் பார்க்கலாம், ஆனால் நாளைக்கே பெயர் மாறலாம், கேட்கும் முறை மாறலாம், சன்னலே இல்லாமல் போகலாம். ஏன் இப்படி இரண்டு வேண்டும் என்று அவன் ஆறு பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதியிருந்தான். எல்லாவற்றையும் நிலையானது என்று சொன்னால் தவறான முடிவோடு ஆயுளுக்கும் குடித்தனம் நடத்த வேண்டும். எல்லாவற்றையும் மாறும் என்று சொன்னால் ஒருவரும் நம்பி வரமாட்டார்கள். அந்த ஆறு பக்கத்தை எங்கெங்கோ இருக்கிறவர்கள் படித்துவிட்டு அவனுக்கு நன்றி எழுதியிருக்கிறார்கள். அது அவனுக்கு ரொம்பப் பிடித்த பக்கம்.

மார்ச் மாதம் முதல் வாரம் பிழை தெரிவிக்கும் இடத்தில் ஒரு புகார் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. ஏதோ ஓர் அலுவலகப் பெயரின் சுருக்கமும் மூன்று என்ற எண்ணும்தான். "'ப்ரூன்' என்ற செயலுக்கு அறுபது என்று கொடுத்தால் அறுபது ஸ்னாப்ஷாட்டுகளை (வட்டின் பழைய நிலைகளை) வைத்துக்கொண்டு மிச்சத்தை நீக்கும். புதிய பதிப்பில் அது அறுபது நாட்கள் என்று எடுத்துக்கொள்கிறது. எங்கள் ஐந்து வருடம் போய்விட்டது."

குணாளன் ஒரு வரியில் பதில் போட்டான். அது மாறக்கூடிய பக்கத்தில் இருக்கிறது, மாற்றினோம்.

மறுநாள் அதே ஆள் மறுபடியும் எழுதினார். "சொல்லாமல் இதை மாற்றமாட்டார்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டது."

அதற்குத்தான் குணாளன் அந்தப் பதிலை எழுதினான். "யார் சொன்னது? இந்தத் திட்டத்தோடு தொடர்புள்ள எவரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். மாறலாம் என்று கதவிலேயே எழுதியிருக்கிறது. படிக்காமல் உள்ளே வந்துவிட்டுக் கூரை மீது குறை சொல்வது சரியில்லை." எழுதிவிட்டுப் புகாரை மூடினான். கட்டைவிரல்கள் உயர ஆரம்பித்தன. அந்த ஆள் அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை.

தயாளன் ஓர் அளவை அலுவலகத்தில் களப்பணியாளன். பழைய கடைவீடுகளின் சுவரில் விரிசல் மானிகளைப் பொருத்துவதும் பார்ப்பதும் அவன் வேலை. மானிகளைச் சோதிக்கப் பாயான் லெப்பாஸ் பக்கம் வந்தால் குணாளனைச் சாப்பிடக் கூப்பிடுவான். அன்றைக்குத் தட்டை மேசையில் வைத்ததும் வைக்காததுமாகச் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு சரியாக இல்லை.

"என்னா லா, பெரிய ஆளாயிட்ட. ஒன் பேப்பர எங்க ஓப்பீஸ்ல ப்ரிண்ட் எடுத்து ஃபைல்ல வச்சிருக்காங்க."

"எந்தப் பேப்பர்?"

"'கதவுல எழுதியிருக்கு'ன்னு இங்கிலீசுல போட்டியே, அது. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு விசாரண. அதான் மொத சாட்சி. எழுதுனவனே சொல்லிட்டான், தப்பு நம்ம ஆளு மேலதான்னு."

குணாளன் கரண்டியைக் கீழே வைத்தான். "யாரு மேல விசாரண?"

"தெரியாத மாதிரி கேக்காத. நவமணி மேலடா. எங்க ஓப்பீஸ்லருந்து ஒனக்குப் புகார் எழுதுனது அதுதானே."

உணவகத்தின் விசிறி தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்தது.

"அந்தப் புள்ள தெனம் நிபோங் திபால்லருந்து வருது. ரயிலு, ஃபெரி, அப்புறம் நடை," என்றான் தயாளன். "ஏழு வருஷமா ஒரு நாள் லேட்டு கெடையாது. இப்ப வேல போனா என்னா செய்யும்? சொல்லாம மாத்தமாட்டாங்கன்னு யாரு சொன்னதுன்னு எங்க டைரக்டர் மேடம் மூணு தடவ கேட்டாங்க. வாயே தொறக்கல. நானும் கேட்டேன். 'விடுங்கண்ணே'ங்குது."

குணாளன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"என்னா லா, பேயடிச்ச மாதிரி ஒக்காந்திருக்க?"

"நான்தான் சொன்னேன்," என்றான் குணாளன்.

தயாளன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். பிறகு, "நீயே சொல்லிட்டு நீயேவா 'யார் சொன்னது'ன்னு கேட்ட?" என்றான்.

அதற்குமேல் அவன் சாப்பிடவில்லை. எழுந்து கைகழுவப் போனவன் மேசைக்குத் திரும்பி வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், குவீன் ஸ்ட்ரீட்டில் நடந்தது அது. தமிழில் கணினி பற்றிப் பேசுகிற பத்துப் பதினைந்து பேர் மாதத்துக்கு ஒரு ஞாயிறு கூடுவார்கள். அன்று குணாளன் ஸ்னாப்ஷாட் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கியிருந்தான். அதை விளக்குவது அவனுக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. ஸ்னாப்ஷாட் என்றால் நகல் இல்லை. இந்த நிமிடத்தில் வட்டு எப்படி இருக்கிறதோ அப்படியே நினைவில் வை என்று அமைப்புக்குச் சொல்வதுதான். அதன்பிறகு யாராவது கோப்பை மாற்றினால், அமைப்பு பழைய துண்டின் மேல் எழுதாது. புதிய இடத்தில் எழுதிவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவைக்கும். அதனால் இடமும் மிச்சம், பழைய நிலையும் பத்திரம். ஆனால் ஸ்னாப்ஷாட்டை நீக்கினால் அந்தப் பழைய துண்டுகள் எல்லாம் காலி இடம் என்று ஆகிவிடும். அடுத்து வரும் கோப்பு அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். அதன்பின் யார் வந்தாலும் மீட்க முடியாது.

கூட்டம் முடிந்து எல்லாரும் கீழே தேத்தண்ணி குடிக்கப் போனபோது நவமணி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தயாளனின் அலுவலகத்தில் மானிகளின் பதிவுகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அங்கே மானிகளோடு வந்த நிரல் ஒரு மோசமான நிரல். ஒவ்வொரு மாதமும் அளவுகளைப் பழைய கோப்பின் மேலேயே எழுதும். அதனால் மாதா மாதம் முதல் தேதி ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தார்கள். சுவர் எந்த மாதம் எவ்வளவு பிளந்தது என்ற வரலாறு முழுக்க அந்த ஸ்னாப்ஷாட்டுகளில்தான் இருந்தது. ஐந்து வருடத்துக்கு வைத்திருக்க வேண்டும் என்பது அலுவலக விதி. அதாவது அறுபது. அதைவிடப் பழையதை அவள் ஒவ்வொரு மாதமும் கையாலேயே தேடி நீக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு வாட்டியும் மூணு தடவ பாத்துட்டுத்தான் அழிக்கிறேண்ணே, தப்பானத அழிச்சிருவேனோன்னு. ஒங்க 'ப்ரூன்' பாத்தேன். அறுவதுன்னு குடுத்தா அதுவே பாத்துக்குமாமே. ஆனா அது மாறக்கூடிய பக்கத்துல இருக்கே? அந்த ஆறு பக்கத்த ரெண்டு தடவ படிச்சேன். ஓப்பீஸ்ல போட்டா பயமா இருக்கு."

அவன் எழுதியதை ஒருத்தி இரண்டு முறை படித்துவிட்டு வந்து கேட்கிறாள். அவனுக்கு மனம் நிறைந்துவிட்டது.

"போடு லா, ஒண்ணும் ஆகாது. மாத்துனா நான்தானே மாத்தணும்? அப்படி மாத்துனா ஒனக்குச் சொல்லிட்டுத்தான் மாத்துவேன். போதுமா?"

"அண்ணன் சொன்னா போதும்," என்று சிரித்தாள் அவள்.

எழுதித் தாருங்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். வெளியாளாக இருந்தால் ஒரு மின்னஞ்சலாவது கேட்டிருப்பாள். நம் ஆளிடம், அதுவும் அண்ணே என்று கூப்பிட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே எழுதி வாங்குவது என்பது அவரை நம்பவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வது. அதை அவளும் செய்யவில்லை. எழுதித் தருகிறேன் என்று அவனுக்கும் தோன்றவில்லை.

தொழிற்சாலைக்குத் திரும்பியவன் தன் மேசையில் உட்கார்ந்து, ப்ரூனை மாற்றிய நாளின் பதிவைத் திறந்து பார்த்தான். நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு, காரணத்தோடு பதிவாகும். பிப்ரவரி எட்டு, சனிக்கிழமை. "சிறு ஒழுங்குபடுத்தல். மாறக்கூடிய பக்கம் என்பதால் அறிவிப்பு தேவையில்லை."

மாற்றத்துக்குக் காரணம் நல்ல காரணம்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கிறவர்களுக்கு அறுபது என்பது வெறும் பத்து மணி நேரம். எண்ணிக்கையைவிட நாள் கணக்குதான் அவர்களுக்குப் பொருந்தும். அதனால் அவன் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, கொடுக்கும் எண்ணின் பொருளை மட்டும் மாற்றினான். அங்கேதான் வினை. பெயரை மாற்றியிருந்தால் நவமணியின் நிரல் அந்தச் சன்னலைக் காணோம் என்று கத்திவிட்டு நின்றிருக்கும். ஒன்றும் அழிந்திருக்காது. அவள் வந்து என்னவென்று பார்த்திருப்பாள். ஆனால் பெயர் அதேதான், கேட்பதும் ஒரே ஓர் எண்தான். அறுபது என்று அவள் நிரல் கேட்டது, சரி என்று இவன் நிரல் சொன்னது. மார்ச் ஒன்றாம் தேதி அறுபத்தொரு ஸ்னாப்ஷாட்டுகள் இருந்தன. ஒன்றே ஒன்று போகவேண்டியது. அறுபது நாளுக்கு உட்பட்டவை மூன்றுதான்: மார்ச், பிப்ரவரி, ஜனவரி. ஐம்பத்தெட்டு ஒரு நொடியில் போயின. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை, ஏனென்றால் நிரலைப் பொறுத்தவரை பிழையே நடக்கவில்லை.

மாறலாம் என்று ஆறு பக்கம் எழுதியவன், எப்படி மாற்றக்கூடாது என்று ஒரு வரி எழுதியிருக்கவில்லை.

அவனை உண்மையில் அரித்தது அதுவும் இல்லை. அந்தப் பிப்ரவரி சனிக்கிழமை, மாற்றத்தை எழுதி முடித்த கணத்தில், நவமணியின் ஞாபகம் வந்தது. நன்றாகவே வந்தது. இதை அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கைத்தொலைபேசியை எடுக்காமலே எழுந்து போனான். மார்ச்சில் 'எனக்குச் சொல்லப்பட்டது' என்ற வரியைப் படித்தபோதும் நெஞ்சில் எங்கேயோ ஒரு முள் தைத்தது. அது என்ன முள் என்று நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவன் நிற்கவில்லை. வேகமாகத் தட்டினான், கூரை உவமை கூட அந்த வேகத்தில் வந்து விழுந்ததுதான்.

நாலு மணிக்கு ஒரு விளக்கம் எழுத உட்கார்ந்தான். "வாய்மொழியாகச் சொன்னவற்றில் தவறான புரிதல் நேர்ந்திருக்கலாம்..." படித்துப் பார்த்தான். அழித்தான். "திட்டத்தின் விதிப்படி தவறில்லை என்றாலும்..." அதையும் அழித்தான். எந்த வாக்கியத்தைத் தொடங்கினாலும் அது அவனுக்கு ஒரு சின்னக் குடை பிடித்துக்கொண்டுதான் வெளியே வந்தது.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பேருந்தில் ஊருக்குள் போனான். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இறங்கியபோது புடவைக்கடைகள் அப்போதுதான் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தன. அலுவலகம் முதல் மாடியில். படியோரச் சுவரில் விரிசலுக்குக் குறுக்கே ஒரு மானி பொருத்தியிருந்தது. அவர்கள் சுவரையே அவர்கள் அளந்துகொண்டிருந்தார்கள்.

மேலே வாசலில் நின்றிருந்த தயாளன் அவனை உள்ளே கூட்டிப்போனான். சொல்லாமல் வந்த ஆளைப் பார்த்து இயக்குநர் ஷரீஃபா புருவத்தை உயர்த்தினார். ஐம்பது வயதிருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி. அவருக்கு முன்னால் ஒரு கோப்பு, அதன்மேல் அவன் பதில், கட்டைவிரல்களோடு சேர்த்து அச்சாகியிருந்தது. மேசையின் இந்தப் பக்கம் நவமணி. அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"நீங்கதான் கிடங்கு குணாளனா? நல்லதாப் போச்சு," என்றார் ஷரீஃபா. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மாறலாம்னு எழுதியிருந்ததா இல்லையா?"

"இருந்துச்சு மேடம்."

"அப்ப இவங்க படிக்கல."

"படிச்சாங்க. படிச்சதனாலதான் என்கிட்ட வந்து கேட்டாங்க. பயன்படுத்தலாமான்னு கேட்டாங்க. நான் பயன்படுத்துன்னு சொன்னேன். மாத்துனா சொல்லிட்டுத்தான் மாத்துவேன்னும் சொன்னேன். மாத்துனேன். சொல்லல. மறந்ததும் இல்ல மேடம். ஞாபகம் வந்துச்சு, அப்புறம் சொல்லலாம்னு விட்டுட்டேன்."

ஷரீஃபா அச்சுத்தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தார். "இதுல 'யார் சொன்னது'ன்னு கேட்டிருக்கீங்க."

"ஆமா."

"இத எழுதறப்ப ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். பெயர் போடாத புகார்தானே, யார் நம்பமாட்டார்கள்? பக்கத்தில் நவமணியின் விரல்கள் அசையாமல் இருந்தன.

"தெரிஞ்சுக்க விரும்பல," என்றான் குணாளன்.

கதவோரம் நின்றிருந்த தயாளன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நவமணி, மூணு தடவ கேட்டேனே. இவர் பேர ஏன் சொல்லல?" என்றார் ஷரீஃபா.

"சொன்னா என்னா மேடம் ஆகும்? எழுத்துல இல்லையே." அவள் குரல் தாழ்ந்திருந்தது, உடையவில்லை. "அதோட அவரு நாலு பேரு மதிக்கிற ஆளு. அத்தன பேரு படிக்கிற எடத்துல பேரப் போட்டு இழுக்க மனசு வரல."

ஷரீஃபா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அளந்த சுவர்களின் சொந்தக்காரர்களுக்கு இதில் எந்தச் சமாதானமும் இல்லை என்றார். பக்கத்தில் ஓட்டல் கட்டுகிறவர்களோடு வழக்காடிக்கொண்டிருக்கும் மசாலாக் கடைக்காரருக்கு மாதா மாதம் அளவு வேண்டும். வருடக் கடைசியில் அச்சடித்த அறிக்கைகளில் இருப்பது வருடத்துக்கு ஒரு புள்ளிதான். இரண்டாவது பிரதி வைக்காதது நவமணியின் குறை, அதைக் கேட்காதது தன் குறை, இரண்டும் கோப்பில் ஏறும். வேலையை விட்டு நிறுத்தும் பேச்சு இனி இல்லை.

"நீங்க இப்ப சொன்னத எழுதிக் குடுங்க, கையெழுத்தோட. இந்தத் தாள் இருந்த எடத்துல அது இருக்கட்டும்."

அவன் அங்கேயே ஒரு தாளில் எழுதினான். முந்தின நாள் வராத வாக்கியங்கள் இப்போது வந்தன. குடை இல்லாமல் வந்தன.

படியிறங்கும்போது நவமணி பின்னாலேயே வந்தாள், மானியைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ள. அவன் நின்றான்.

"அன்னிக்கே என் பேரப் போட்டிருக்கலாமே நவமணி."

அவள் மானியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "'யார் சொன்னது'ன்னு தெரிஞ்சேதான் கேக்கறீங்கன்னு நெனச்சேன். நீங்களே இல்லன்னு சொன்னப்புறம் நான் என்னா சொல்றது?" குறித்துவிட்டு, "வந்ததுக்கு நன்றி சார்," என்றாள். படியேறிப் போனாள்.

சார். இரண்டு வருடத்தில் அவள் ஒருமுறைகூட அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

வீட்டுக்கு வந்து மூடிய புகாரைத் திறந்தான். "சொல்லாமல் இதை மாற்றமாட்டேன் என்று இவரிடம் சொன்னவன் நான்தான். இவர் படித்துவிட்டுத்தான் வந்தார். மேலே நான் எழுதியிருப்பது தவறு, அதை அழிக்காமல் விட்டுவைக்கிறேன்." அதற்குமேல் விளக்கவில்லை. விளக்காமல் இருப்பது அவனுக்கு எவ்வளவு கடினம் என்பது அவனைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். பிறகு வேலையில் இறங்கினான். எண்ணிக்கையால் நீக்கும் பழைய ப்ரூனை அதன் பழைய பொருளோடு நிலையான பக்கத்துக்குக் கொண்டுபோனான். நாட்களால் நீக்குவதற்குத் தனிப் பெயர் கொடுத்து மாறக்கூடிய பக்கத்தில் வைத்தான். அந்த ஆறு பக்க விளக்கத்தின் முதல் வரியாக, பொருள் மாறினால் பெயரும் மாறும் என்று சேர்த்தான்.

இந்தப் புதிய பதிலுக்கு ஒன்பது கட்டைவிரல்கள் வந்தன. நாலைந்து பேர் அவனைத் திட்டியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அந்த அலுவலகச் சுருக்கத்திலிருந்து, மூன்று என்ற எண்ணிலிருந்து, ஒரு வரி வந்திருந்தது.

"ப்ரூன் எந்தத் தேதி வரை மாறாது? எழுத்தில் தரவும்."

குணாளன் அதை மூன்று தடவை படித்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பத்து வருடம் தள்ளி ஒரு தேதியை எழுதினான். நாள், மாதம், வருடம். கீழே தன் முழுப் பெயர்.